நான்காம் நாள்

சீரியல் ஒரு பாக்கெட். பாஸ்தா, அரிசி. தக்காளி, பீன்ஸ், காய்கறி, இறைச்சி, மீன், பழம் எல்லாம் டின்னில். சூப். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டாலும் கெடாத பெட்டிப் பால். டீத்தூள், பிஸ்கட். இருப்பு இருந்தால் ஒரு ஜாம் பாட்டில். பிரிட்டனில் ஃபுட் பேங்க் வாசலுக்குப் போகும் குடும்பத்துக்குக் கிடைக்கும் பெட்டி இதுதான். சத்துணவு நிபுணர்களைக் கேட்டுத் தயாரித்த பட்டியல். மூன்று நாளுக்குத் தாங்கும் என்று கணக்கு.

நான்காம் நாள் என்ன செய்வது? பெட்டியை வாங்கிப் போகிறவர்களும் கேட்கிறார்கள், கட்டிக் கொடுக்கிறவர்களும் கேட்கிறார்கள்.

பிரிட்டனின் மிகப் பெரிய ஃபுட் பேங்க் வலையமைப்பின் பெயர் டிரஸ்ஸல். ஆளுக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் 2010-11இல் அது கொடுத்தவை சுமார் 61,000. மூன்றே ஆண்டில், 2013-14இல், அது ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. 2023-24இல் 31 லட்சம். அடுத்த ஆண்டு சற்று இறங்கி 29 லட்சம் ஆனது. அதில் பத்து லட்சத்துக்கு மேல் குழந்தைகளுக்குப் போனவை. இந்த வலையமைப்பில் சேராமல் தேவாலயம், மசூதி, குருத்வாரா, சமூகக் கூடம் என்று தனித்தனியாக நடக்கும் ஃபுட் பேங்க்குகள் இன்னும் 1,100க்கு மேல் இருக்கின்றன. உலகின் முதல் ஆறு பொருளாதாரங்களுக்குள் வைத்து எண்ணப்படும் நாடு இது.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தெற்கில் சாலிஸ்பரி என்ற அழகான சிறு நகரம், வானுயர்ந்த கோபுரம் கொண்ட பழைய தேவாலயத்துக்குப் பேர்போனது. அங்கே பேடி ஹெண்டர்சன், கேரல் ஹெண்டர்சன் என்ற தம்பதி 1997இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். கேரலின் அம்மா பெட்டி டிரஸ்ஸல் விட்டுச்சென்ற பணம்தான் முதல். அவர் பெயரையே அமைப்புக்கும் வைத்தார்கள். அவர்கள் உதவ நினைத்தது பல்கேரியாவில், சோஃபியா ரயில் நிலையத்தில் படுத்துறங்கிய பிள்ளைகளுக்கு. 2000ஆம் ஆண்டில், அந்தப் பிள்ளைகளுக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்த பேடிக்கு உள்ளூர்த் தாய் ஒருவர் போன் செய்தார். இன்றிரவு என் பிள்ளைகள் பட்டினியாகப் படுக்கப்போகிறார்கள், அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். பேடி விசாரித்துப் பார்த்தார். எதிர்பாராமல் வந்த ஒரு பில், தாமதமான ஒரு உதவித்தொகை, திடீரென்று போன வேலை: இப்படி ஏதோ ஒன்றில் தடுக்கி விழுந்து, சில நாள் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்கும் குடும்பங்கள் தன் ஊரிலேயே நிறைய இருப்பது தெரிந்தது. வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையிலும் கார் ஷெட்டிலும் முதல் ஃபுட் பேங்க் தொடங்கியது. 2004இலிருந்து மற்ற ஊர்த் தேவாலயங்களுக்கும் அந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

தடுக்கி விழுந்தவர் எழுந்து நிற்கச் சில நாள் போதும் என்ற நம்பிக்கையில் பிறந்தது அந்த மூன்று நாள் கணக்கு. 2000இல் அது நியாயமான கணக்குதான்.

கிழக்கு லண்டனில் ஒரு தேவாலய மண்டபம். இடத்தின் பெயர் வேண்டாம் என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு மதியம் திறந்திருக்கும்; ஆனால் வேலை காலையிலேயே பின்னறையில் ஆரம்பித்துவிடுகிறது. சூப்பர் மார்க்கெட் வாசல்களில் வைத்திருக்கும் தொட்டிகளிலிருந்தும், பள்ளிகளிலிருந்தும் வந்த பொருள்களை முதலில் தராசில் வைத்து எடை போட்டு எழுதிக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு டின்னாக எடுத்துக் காலாவதித் தேதியைத் தேடுகிறார்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தத் தேதியைத் தடித்த மார்க்கரால் மூடிமேல் பெரிதாக எழுதி, வருஷ வாரியாக அலமாரியில் அடுக்குகிறார்கள். முதலில் காலாவதியாவது முன்வரிசையில். பீன்ஸும் பாஸ்தாவும் குவிந்து கிடக்கின்றன. பெட்டிப் பால், பழ டின், ஷாம்பு, சலவைத் தூள் இருக்கும் தட்டுகள் காலி. மாதவிடாய் நாப்கின்களைத் தனியாக, கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி, கழிப்பறைக்குப் போகும் வழியில் வைத்திருக்கிறார்கள். யோசித்துச் செய்த காரியம்.

கதவு திறந்ததும் யாரும் பெட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் உட்காரச் சொல்லி டீ. எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எதிரில் அமர்ந்து பேச்சுக் கொடுக்கிறார். பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளிக்கூடம். அதற்குப் பிறகுதான் கேள்விகள், எப்போதும் இதே வரிசையில்: வீட்டில் அடுப்பு இருக்கிறதா? அதற்கு கேஸோ கரண்டோ இருக்கிறதா? டின் ஓப்பனர் இருக்கிறதா?

பசிக்கிறவரிடம் எதற்கு இந்தக் கேள்விகள் என்று முதலில் விளங்கவில்லை. பதில்களைக் கேட்டதும் விளங்கிவிட்டது. பல வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர். கடையில் காசு கொடுத்து ஏற்றினால்தான் கரண்ட் வரும். தீர்ந்தால் வீடு இருட்டு. அந்த வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தால் அவை அப்படியே கிடக்கும். வேறு சிலருக்கு வீடே இல்லை. மாநகராட்சி தற்காலிகமாகக் கொடுத்த ஹோட்டல் அறையில் மூன்று பிள்ளைகளோடு மாதக்கணக்கில் இருக்கிறார்கள். சமையலறை கிடையாது. வெந்நீர் போடும் கெட்டில் ஒன்றுதான் உண்டு. அவர்களுக்கென்று தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள், கெட்டில் பெட்டி என்று. வெந்நீர் ஊற்றினால் ஆகும் நூடுல்ஸ், சூப் பொடி, உருளைக்கிழங்குப் பொடி. கெட்டிலும் இல்லாதவர்களுக்கு, இழுத்துத் திறக்கும் மூடி போட்ட டின்கள் மட்டும் இருக்கும் இன்னொரு பெட்டி. வறுமைக்குள் இருக்கும் படிகளை இந்த மூன்று பெட்டிகள் காட்டியதுபோல எந்த அறிக்கையும் எனக்குக் காட்டியதில்லை.

2022இல் ஆளுங்கட்சி எம்.பி. லீ ஆண்டர்சன் நாடாளுமன்றத்தில் பேசினார். ஃபுட் பேங்க் இவ்வளவு தேவைப்படுவது, மக்களுக்குச் சமைக்கவும் செலவைத் திட்டமிடவும் தெரியாததால்தான் என்பது அவர் வாதம். சில பென்ஸில் ஒரு வேளை உணவு சமைக்க முடியும் என்றார். அந்த மண்டபத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு பென்னியும் எங்கே போனது என்று சொல்லக்கூடியவர்கள். வாடகை, மீட்டர், பஸ், பிள்ளையின் பள்ளிச் சீருடை என்று எல்லாம் மனப்பாடம். திட்டமிடத் தெரியாமல் அல்ல, திட்டமிட அவர்கள் கையில் எதுவும் மிஞ்சாமல்தான் வருகிறார்கள்.

வேலைக்குப் போகாதவர்கள்தான் வருவார்கள் என்று நினைப்பதும் தவறு. பிரிட்டனில் வறுமையில் வளரும் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர் வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகிறார். 2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை நிர்வாகங்களிடம் அவற்றின் சங்கம் நடத்திய ஆய்வில், 27 சதவீத நிர்வாகங்கள் தங்கள் சொந்த ஊழியர்களுக்காகவே ஃபுட் பேங்க் நடத்துவதாகச் சொன்னன. இரவு முழுக்க வார்டில் நின்ற செவிலியர் காலையில் வீடு திரும்பும் வழியில் மருத்துவமனையிலேயே ஒரு பை வாங்கிப் போகிறார்.

மிகவும் கஷ்டமான இடம் குழந்தைப் பால்மாவு. பிறந்த குழந்தைக்கு வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டின் வேண்டும். பெரும்பாலான பிராண்டுகள் பத்துப் பவுண்டுக்கு மேல். குறைந்த வருமானத் தாய்மார்களுக்கு அரசு தரும் ‘ஹெல்தி ஸ்டார்ட்’ அட்டையில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வாரம் 8.50 பவுண்டு என்று 2021இல் வைத்தார்கள். விலைவாசி ஏறிய ஆண்டுகளில் இந்தத் தொகை அப்படியே நின்றது. கடைகளில் பால்மாவு டின்னுக்குத் திருட்டைத் தடுக்கும் பூட்டு மாட்டத் தொடங்கினார்கள். ஃபுட் பேங்க் கொடுக்கலாமே என்றால் அதிலும் சிக்கல். குழந்தைக்குத் தொடர்ந்து தேவைப்படும் பொருளை நன்கொடையை நம்பிக் கொடுத்துப் பாதியில் நிறுத்தக் கூடாது, சுகாதார ஊழியர் வழியாகவே போக வேண்டும் என்று யுனிசெஃப் வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் நியாயம் புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, சுகாதார ஊழியர் அலுவலகம் மூடிய பிறகு, கைக்குழந்தையோடு வாசலில் நிற்கும் தாயிடம் இந்த நியாயத்தைச் சொல்ல முடியாது. பால்மாவைத் தண்ணீர் அதிகமாக்கிக் கரைத்துக் கொடுக்கும் தாய்மார்களைப் பற்றிக் குழந்தை நல அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. அந்த மண்டபத்தில் இருந்த யாருக்கும் அது புதுச் செய்தி அல்ல.

இங்கே வருவதற்கு வவுச்சர் வேண்டும். நேராகப் போய் வாங்க முடியாது. டாக்டர், பள்ளிக்கூடம், சமூகப் பணியாளர், குடிமக்கள் ஆலோசனை மையம் என்று யாராவது ஒருவர், இந்தக் குடும்பத்துக்கு நெருக்கடி உண்மைதான் என்று பரிந்துரைத்தால்தான் பெட்டி. ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் அடியில் வேறு என்ன பிரச்சினை என்று விசாரிக்கிறார்கள். இருக்கும் பொருளைத் தேவையானவருக்குச் சேர்க்கவும், கூடவே கடன் ஆலோசனை போன்ற மற்ற உதவிகளுக்கு வழிகாட்டவும் செய்த ஏற்பாடு. நல்ல நோக்கம்தான். இருந்தாலும் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் வகுப்பு ஆசிரியையிடம் போய், வீட்டில் சாப்பாடு இல்லை என்று சொல்லி ஒரு காகிதம் வாங்கி வர வேண்டும். அதைச் சொல்ல முடியாமல் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பதற்கு அரசின் கணக்கே சாட்சி. 2022-23இல் போதிய உணவு உறுதி இல்லாத வீடுகளில் இருந்தவர்கள் 72 லட்சம். அந்த ஓராண்டில் ஃபுட் பேங்க் பயன்படுத்திய வீடுகளில் இருந்தவர்கள் 23 லட்சம். வரிசையில் நிற்பவர்களைவிட நிற்காதவர்கள்தான் அதிகம்.

வரிசையில் தமிழ்க் குரலும் கேட்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்திருக்கும் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். உதவிக்கு இருக்கும் தொண்டர்களில் ஒருவரும் ஈழத்துப் பெண்மணி. நாற்பது வருஷத்துக்கு முன் இதே நகரத்துக்கு இதே நிலையில் வந்தவர்.

“டின் இறைச்சி வேண்டாம் அக்கா, நாங்கள் மாடு சாப்பிடுறேல்லை. பருப்புக் கிடக்கோ?”

“பருப்பு இருக்கு. அரிசி ரெண்டு பைக்கற் வைக்கிறன். மீன் டின் எடுப்பீங்களோ?”

“ஓம், பிள்ளையள் சாப்பிடுவினம்.” கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். “செத்தல் மிளகாய் கேக்கிறது சரியில்லைத்தானே, என்னக்கா?”

“அதிலை என்ன பிழை? கேளுங்கோ,” என்றவர் தன் கைப்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்தார். வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள். சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி வாராவாரம் கொண்டுவருகிறார். ஃபுட் பேங்க் பட்டியலில் கறித்தூள் கிடையாது. உப்பும் மிளகாயும் இல்லாமல் அவித்த பருப்பைப் பிள்ளைகள் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தத் தாயின் நிலை தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அல்ல, சட்டத்தின் விளைவு. அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஓராண்டு காத்த பிறகு கேட்கலாம். அப்போதும் அரசு அனுமதிக்கும் சில வேலைகள் மட்டும்தான். சமைத்துச் சாப்பிடும் இடத்தில் இருந்தால் ஆளுக்கு வாரம் 49.18 பவுண்டு என்று 2024 ஜனவரியில் வைத்தார்கள். சாப்பாடு போடும் ஹோட்டலில் வைத்தால் அதற்கும் பல மடங்கு குறைவு. இதைவிடக் கொடுமை, விண்ணப்பம் ஏற்கப்பட்டு அகதி என்று ஒப்புக்கொண்ட பிறகு வருவது. அந்த முடிவு வந்த 28 நாளில் அகதி உதவித்தொகையும் தங்குமிடமும் நின்றுவிடும். பொது உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் முதல் பணம் வர ஐந்து வாரம், அதாவது 35 நாள். நடுவில் ஒரு வாரம் அந்த மனிதர் எதைச் சாப்பிடுவார், எங்கே படுப்பார் என்பதற்கு இரண்டு துறைகளிடமும் பதில் இல்லை. 2024 டிசம்பரில் இந்த 28 நாளைப் பரிசோதனையாக 56 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மறுபடி 28 ஆக்கிவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. படிக்கவும் வேலைக்கும் பிரிட்டன் வருகிறவர்களின் விசாவில், அரசின் பொது உதவி எதுவும் கிடையாது என்ற நிபந்தனை உண்டு. பகுதிநேர வேலை போனாலும் வாடகை உயர்ந்தாலும் அவர்கள் தங்கள் கையை மட்டுமே நம்ப வேண்டும். கோவிட் காலத்தில் கிழக்கு லண்டனின் நியூஹாமில், ஒரு சமூக அமைப்பின் வாசலில் இலவச மளிகைக்காக வெளிநாட்டு மாணவர்கள் தெரு நீளத்துக்கு நின்றார்கள். அவர்களில் பெரும் பகுதி இந்தியத் துணைக்கண்டத்துப் பிள்ளைகள். நிலத்தை அடகு வைத்து அனுப்பிய பெற்றோருக்குப் போனில் எல்லாம் நல்லபடியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வரிசையில் நின்றவர்கள்.

இவ்வளவு பெரிய தேவை எப்படி வந்தது? 2008 நிதி நெருக்கடி ஒரு காரணம். ஆனால் 2010க்குப் பின் எடுத்த முடிவுகளைத் தள்ளிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அரசுச் செலவைக் குறைக்கிறோம் என்று ஆரம்பித்தார்கள். 2012 கடைசியில் உதவித்தொகைத் தண்டனைகள் கடுமையாயின. வேலைவாய்ப்பு அலுவலகச் சந்திப்பைத் தவறவிட்டால் பணம் நிற்கும். 2013 ஏப்ரலில் கூடுதல் படுக்கையறை இருந்தால் வாடகை உதவியில் வெட்டு, அவசரக் கடன் தந்துவந்த தேசிய நிதி கலைப்பு, கவுன்சில் வரிச் சலுகையில் கைவைப்பு என்று ஒரே மாதத்தில் எல்லாம் வந்தன. முந்தைய ஆண்டு மூன்றரை லட்சமாக இருந்த டிரஸ்ஸல் பெட்டிகள் அந்த ஆண்டில்தான் ஒன்பது லட்சமாயின. 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகை கிடையாது என்ற விதி அடுத்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ஆறு உதவித்தொகைகளை ஒன்றாக்கிய யுனிவர்சல் கிரெடிட். விண்ணப்பித்ததிலிருந்து முதல் பணம் கைக்கு வர ஒரு கட்டத்தில் ஆறு வாரம் ஆனது. அந்தத் திட்டம் முழுமையாக வந்து ஓராண்டான பகுதிகளில் ஃபுட் பேங்க் தேவை 52 சதவீதம் ஏறியது, மற்ற இடங்களில் 13 சதவீதம் என்று டிரஸ்ஸல் 2018இல் காட்டியது.

நியூகாசில் இதை முதலில் அனுபவித்த பெருநகரங்களில் ஒன்று. நிலக்கரியும் கப்பல் கட்டுமானமும் போன பிறகு எழுந்திருக்கவே சிரமப்பட்ட ஊர். அதன் மேற்குப் பகுதி ஃபுட் பேங்க் ஒரு காலத்தில் நாட்டிலேயே அதிகக் கூட்டம் வந்த ஃபுட் பேங்க் என்று பேசப்பட்டது. கென் லோச் இயக்கி 2016இல் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்ற ‘ஐ, டேனியல் பிளேக்’ படத்தின் அந்த மறக்க முடியாத காட்சி இந்த ஊரில்தான் எடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் பட்டினி கிடந்த இளம் தாய், ஃபுட் பேங்க் அலமாரிக்கு நடுவிலேயே ஒரு டின்னை உடைத்துக் கையால் அள்ளி விழுங்கிவிட்டு அவமானத்தில் உடைந்து அழுவாள். அருகிலிருப்பவர்கள் அவளை அணைத்துக்கொண்டு, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்பார்கள். ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் 2018 நவம்பரில் பிரிட்டன் வந்தபோது நியூகாசிலுக்கும் போனார். நாட்டில் 1.4 கோடிப் பேர் வறுமையில் இருக்கிறார்கள், இது பொருளாதாரக் கட்டாயத்தால் அல்ல, அரசியல் தேர்வால் வந்தது என்று அவர் அறிக்கை சொன்னது.

இதற்கு ஓராண்டு முன், ஜேக்கப் ரீஸ்-மாக் என்ற ஆளுங்கட்சி எம்.பி., மக்கள் தாமாக முன்வந்து ஃபுட் பேங்க்குக்குக் கொடுப்பது மனத்துக்கு உற்சாகம் தரும் விஷயம் என்று வானொலியில் பேசினார். கொடுக்கிறவர்களைப் பற்றி அவர் சொன்னதில் தவறில்லை. 2015இல் லிவர்பூல் நகரின் இரு பரம வைரி அணிகளான லிவர்பூல், எவர்ட்டன் ரசிகர்கள் ஒன்று சேர்ந்து, மைதான வாசலில் தொட்டி வைத்து உணவு திரட்ட ஆரம்பித்தார்கள். நியூகாசில் ரசிகர்களும் உள்ளூர் ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்கு வெளியே நின்று சேகரிக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டு டின் கொண்டுவந்து போடும் அந்தச் சனங்களை நினைத்தால் நெஞ்சு நிறையத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் நிற்பது அரசு நின்றிருக்க வேண்டிய இடத்தில். அந்த ரசிகர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போவதில்லை. உணவு ஓர் உரிமை, அதைச் சட்டமாக்கு என்று ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்தும் வருகிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

பிரிட்டன் இதைச் செய்யத் தெரியாத நாடு அல்ல. இரண்டாம் உலகப் போரில் தொடங்கி, 1940 ஜனவரி 8 முதல் 1954 ஜூலை 4 வரை, அங்கே ரேஷன் இருந்தது. மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் ரேஷன் புத்தகம் கொடுக்கப்பட்டது. வெண்ணெயும் சர்க்கரையும் அளந்து வந்தாலும் எல்லா வீட்டுக்கும் வந்தன. அதே போரின்போது அதே அரசு இந்திய நகரங்களிலும் ரேஷனைத் தொடங்கியது. அவர்கள் விட்டதை நாம் விடவில்லை. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோடு கிழித்து அட்டைகளைப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லோருக்கும் அரிசி என்ற முறையை மாற்றவில்லை. 2011 ஜூனிலிருந்து அந்த அரிசிக்குக் காசும் இல்லை. எடையில், தரத்தில், கடத்தலில் குறை சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லவும் வேண்டும். ஆனாலும் மாதா மாதம் கடை வரிசையில் நிற்கும் ஒரு தாய், தனக்குப் பசிக்கிறது என்று டாக்டரிடமோ வாத்தியாரிடமோ எழுதி வாங்கி வர வேண்டியதில்லை. கிழக்கு லண்டன் மண்டபத்தில் அந்த வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்த பிறகு, நம் அட்டையின் அருமை எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஃபுட் பேங்க்குக்கும் உரிமைக்கும் நடுவில் உள்ளூரிலேயே இன்னொரு வழியும் வளர்ந்திருக்கிறது. மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் தொடங்கிய பான்ட்ரி முறை. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் உறுப்பினராகச் சேர்ந்து, வரும் ஒவ்வொரு வாரமும் நான்கைந்து பவுண்டு கொடுக்கிறார்கள். அதற்கு இருபது பவுண்டு அளவுக்கான மளிகையும் காய்கறியும் தாங்களே பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள். வவுச்சர் கிடையாது. பொருள்களில் பெரும்பகுதி, கடைகளில் மிஞ்சும் நல்ல உணவைத் திரட்டித் தரும் ஃபேர்ஷேர் போன்ற அமைப்புகள் வழியாக வருகிறது. கட்டிக் கொடுத்த பெட்டியில் வந்த டின்னைத் திருப்பித் தரக் கூச்சப்படும் பெண், இங்கே கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது வேண்டாம் என்று வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறாள். பல பான்ட்ரிகளில் நேற்று உறுப்பினராக வந்தவர் இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி முறையைவிட இது பல மடங்கு நல்லது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்த நான்கைந்து பவுண்டும் இல்லாதவர் இங்கேயும் வர முடியாது. மிஞ்சிய உணவை வைத்து ஒரு நாட்டின் பசியைத் தீர்க்கவும் முடியாது. எது மிஞ்சும், எப்போது மிஞ்சும் என்பது கடைக்காரர் கையில் இருக்கிறது.

அதனால்தான் சுயேச்சை ஃபுட் பேங்க்குகளின் கூட்டமைப்பு, உணவுக்கு முன் பணம் என்கிறது. நெருக்கடியில் இருக்கும் குடும்பத்தின் கையில் பணமாகக் கொடுங்கள். எந்த அரிசி, எந்த மிளகாய் என்று அவர்களே வாங்கிக்கொள்வார்கள். எங்களை மூடவிடுங்கள் என்று தன் அறிக்கைகளில் வெளிப்படையாகக் கேட்கும் அறப்பணியை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. டிரஸ்ஸலின் இலக்கும் ஃபுட் பேங்க் தேவைப்படாத நாடுதான். தனியாக வாழும் ஒருவருக்கு உணவு, கரண்ட், பஸ் போன்ற அடிப்படைச் செலவுக்கு மட்டும் வாரம் 120 பவுண்டு வேண்டும் என்று ஜோசஃப் ரவுன்ட்ரீ அறக்கட்டளையோடு சேர்ந்து 2023இல் அது கணக்குப் போட்டது. அப்போது யுனிவர்சல் கிரெடிட் தந்தது 85. உதவித்தொகை இந்த அடிப்படைச் செலவுக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் போடச் சொல்கிறார்கள். கேட்பது இவ்வளவுதான்.

2024 தேர்தலில் லேபர் கட்சி, அவசர உணவுப் பெட்டிகளை நம்பி மக்கள் வாழும் நிலைக்கு முடிவு கட்டுவோம் என்று வாக்குறுதி கொடுத்து வென்றது. மூன்றாவது குழந்தை விதியை நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2026 ஏப்ரல் முதல் நடப்பு. நாலரை லட்சம் குழந்தைகள் வறுமையிலிருந்து வெளியே வருவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. எட்டாண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி அது. வவுச்சர் எழுதிக் கொடுத்த ஆசிரியைகளுக்கும் அதில் பங்கு உண்டு. நெருக்கடியில் இருப்போருக்கு உள்ளாட்சிகள் நேரடியாகப் பணம் தருவதற்கு ஒரு புது நிதியும் அதே ஏப்ரலில் தொடங்கும்படி அறிவித்திருக்கிறார்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டின் ஐந்து வாரக் காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நடுவில் சமாளிக்க முன்பணம் தருகிறார்கள். அது கடன், பிறகு மாதா மாதம் உதவித்தொகையில் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்தம் போகக் குறைவாகக் கைக்கு வரும் மாதத்தில் மறுபடி வவுச்சர் தேடி அலைகிறவர்கள் நிறைய. கம்ப்யூட்டர் அமைப்பு அப்படி, மாதச் சம்பளம்போல் கணக்கிட வேண்டியிருக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். ஆனால் எதிர்ப்பு வலுத்தபோது 2018 பிப்ரவரியில் ஆறு வாரத்தை ஐந்தாகக் குறைக்க இதே துறையால், இதே கம்ப்யூட்டர் அமைப்பை வைத்துக்கொண்டு முடிந்திருக்கிறது. மீதி ஐந்தையும் எடு, அல்லது முன்பணத்தைக் கடனாக இல்லாமல் உதவியாகவே கொடு என்று ஃபுட் பேங்க்குகள் 2019இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றன.